பீப்பாயில் வளர்ந்த மூத்தாள்

எனக்கு வாய் நீளம். கொல்லிமலையில் எங்களைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி அதைத்தான் முதலில் சொல்வார்கள். துரைசாணியிடமே எதிர்த்துப் பேசியவள் நான். அப்பேர்ப்பட்ட வாயை இரண்டே தடவை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே மனிதர் முன்னால்.

அப்பா மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் தோட்டக்காரர். வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் கோடையில் மட்டும் வந்து தங்குவார்கள். மற்ற மாதங்களில் அங்கே நானும் அப்பாவும்தான். என்னைப் பெற்றவள் என் ஏழாவது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பங்களா நின்றது மொட்டைப் பாறையின்மேல். கடப்பாறையைப் போட்டால் பொறி பறக்குமே தவிர மண் வராது. துரைசாணிக்கோ பெரிய பெரிய இலைகளாக, பச்சைப் பசேலென்று வாசலை அடைத்துக்கொண்டு செடி நிற்க வேண்டும். ஆகவே சாராயம் வந்த பீப்பாய்களை இரண்டாக அறுத்து, அடியில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓட்டை போட்டு, மும்மூன்று கல்லின்மேல் தூக்கி வைத்து, அவற்றில் அப்பா காடு வளர்த்தார். முறம் அகலம் இலை விடும் சேம்பு, ஆள் உயரக் கல்வாழை, ஓடைக்கரையிலிருந்து பெயர்த்து வந்த பெரணி.

எல்லாம் தண்ணீர்க் குடியர்கள். தரையில் நிற்கிற செடியானால் வேரை நீட்டித் தானே தேடிக்கொள்ளும். பீப்பாயில் நிற்பது கட்டிப்போட்ட மாடு மாதிரி, நாம் காட்டினால்தான் உண்டு. காலையில் பதினைந்து குடம், மாலையில் பதினைந்து குடம் ஓடையிலிருந்து சுமந்து ஏறியது என் இடுப்பு. ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மேலே ஊற்றியது கீழ் ஓட்டையில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வேர் அழுகிவிடும். அப்பா எழுந்தவுடன் பல் துலக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரே ஒரு தொட்டியின் ஓட்டை மட்டும் அடைத்திருக்கும், அல்லிப்பூத் தொட்டி. அதற்கென்று மர ஆப்பு சீவி, கீல் என்கிற கறுப்புப் பசை தடவிய துணியைச் சுற்றி அடித்திருப்பார். அந்த ஆப்பைச் சீவ அந்த மலையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நான் சீவியது எல்லாம் ஒழுகியது.

எனக்கு இருபது வயது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் செவ்வாய், வாயில் சனி என்று என் காதுபடவே பேசுவார்கள். அந்தத் தை மாதத்தில்தான் பேளுக்குறிச்சியிலிருந்து அந்த வரன் வந்தது. சந்தைப் பக்கம் மிளகும் கடுகும் விற்கிற கடைக்காரர். நாற்பதுக்குப் பக்கம். இரண்டு பெண்சாதிகளைப் பறிகொடுத்தவர். ஒருத்தி பிரசவத்தில், ஒருத்தி காய்ச்சலில். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலை ஏறி அவரும் அவருடைய அக்காளும் வந்திருந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பேசியது முழுக்க அக்காள்தான்.

"எங்க தம்பிக்கு மூணாந்தாரம் ஆகாதுங்க. மூணாவதா வாழைக்குத் தாலி கட்டி அதை வெட்டிப்போட்டுத்தான், நாலாவதா உங்க புள்ளைக்குக் கட்டறது. அது தெரிஞ்சதுதானுங்களே?"

அப்பாவுக்குத் தெரிந்ததுதான். கீழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாவதாக வருகிறவள் தங்கமாட்டாள் என்று பயம். அந்தச் சாவை வாழையின் தலையில் கட்டிவிட்டால் பெண் பிழைப்பாள்.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள் அந்த அம்மாள். "எங்கியோ வெட்டிக் கொண்டாந்து நட்டு வெச்ச மரத்துக்குக் கட்டுனா, அது பொணத்துக்குக் கட்டுன மாதிரி. வேரோட உசுரோட இருக்கோணும். பொண்ணூட்டுல வளந்து பொண்ணு மாதிரியே எங்க ஊட்டுக்கு வரோணும். பொண்ணு ஒசரத்துக்கு மேல நிக்கோணும். பீப்பாயில காடே வளக்கறீங்க, இது ஒண்ணு வளக்க மாட்டீங்களா?"

மடியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து என் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாடைக்குத்தான் அப்படி அளப்பார்கள்.

"வைகாசியில ஆளுகளோட வந்து தூக்கிக்கறோம். அதுக்குள்ள அது பட்டுப்போச்சுன்னா பேச்சு முறிஞ்சுதுங்க. அப்பறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டோம். சம்மதமா?"

அப்பா வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். அவர்கள் இறங்கிப் போனதும் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! குடத்தை எறிந்தேன், அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன். "ரெண்டு பேரு செத்த ஊட்டுக்கு என்னை அனுப்பறீங்களே, மூணாவதா நானும் போய்ச் சேரட்டும்னா?" என்று கத்தினேன். எனக்குச் சாவு பயம். வேறு ஒன்றும் இல்லை. அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அந்த வீட்டுப் படி ஏறினால் செத்துப்போவேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அப்பா இருமிக்கொண்டே சொன்னார். "எனக்கு எளப்பு வந்து மூணு வருசம் ஆச்சு கண்ணு. இந்த ஊடு நம்ம ஊடா? நான் போனா மக்யா நாளே, விடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லுவாங்க. உன்ன ஆரு பாப்பா? குடுத்த வாக்க நான் எப்படித் திருப்பறது?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

வாழைக்கன்று ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்தது. சாமைக் காட்டு ஓரத்தில் மலைவாழை வைத்திருந்த ஒருத்தி, பக்கக்கன்றைப் பெயர்த்துத் தலையில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"வெட்டறதுக்கா வளக்கறீங்க?" என்றாள். "எங்கள்ல இப்படியெல்லாம் இல்லீங்க அம்மிணி." கன்றை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இருப்பதிலேயே பெரிய பீப்பாயை அதற்கு ஒதுக்கினார் அப்பா. அடியில் ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் ஆற்று மணல், அதன்மேல் மக்கின இலையும் சாணமும் செம்மண்ணும். மாசியில் என் இடுப்புக்கு வந்தது. பங்குனியில் தோளுக்கு. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார வாழை. வாரத்துக்கு ஒரு இலை, சுருட்டிய பாய் மாதிரி எழுந்து விரியும். அதற்கு நான் மூத்தாள் என்று பெயர் வைத்தேன். எனக்கு முன்னால் தாலி கட்டிக்கொள்ளப் போகிறவள் அல்லவா! "குடிச்சுக்கோடி மூத்தாளே, நல்லாக் குடி. உன்ன வெட்டுனாத்தான் எனக்கு வழி விடுவாங்க," என்று திட்டிக்கொண்டே ஊற்றுவேன். ஒவ்வொரு இலைக்கும் என் நாட்களில் ஒரு வாரம் போகிறது.

அந்தக் கோடையில் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டதால் மலைக்கு வரவில்லை. சித்திரை தொடக்கத்தில் அக்காள்காரி தனியாக மலை ஏறி வந்தாள். என்னையும் வாழையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நூலைப் பிடித்துப் பார்த்தாள். வாழை என்னைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது.

"சபாஷ்! பொண்ணு வளக்கற மாதிரியே வளத்திருக்கறீங்க," என்றாள். அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை அப்பா மிளகுக்கொடி கட்டப் போன நேரத்தில், என் பழைய சேலையின் கரையைக் கிழித்து, களிமண்ணில் புரட்டி, வாழைத் தொட்டியின் அடி ஓட்டையில் திணித்தேன். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்துவிட்டு, எப்போதும் போல இரண்டு குடம் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடக் கீழே வரவில்லை.

வாழையை வெட்டினால் தெரியும். வெந்நீர் ஊற்றினால் ஒரே நாளில் தெரியும். இப்படிச் செத்தால் யாருக்கும் தெரியாது. கீழ் இலைதான் முதலில் மஞ்சளிக்கும். பார்க்கிறவர்கள் தண்ணீர் பற்றவில்லை என்பார்கள், இன்னும் ஊற்றுவார்கள். தண்ணீரில் மூழ்கிச் சாகிற செடியும் தண்ணீர் இல்லாமல் சாகிற செடியும் ஒரே முகத்தோடுதான் இருக்கும். ஆனால் அதெல்லாம் மற்றவர்களுக்கு. அப்பா காலையில் குனிந்து விரலை விட்டால் முதல் நாளே நான் மாட்டிக்கொள்வேன். அன்று நான் சாப்பிடவே இல்லை.

அடுத்த நாள் காலை அப்பா எழுந்தார். சேம்புத் தொட்டிகளுக்கு விரல் விட்டார். கல்வாழைக்கு விட்டார். வாழைத் தொட்டிக்கு வந்ததும் இருமல் வந்து, கல்லைப் பிடித்துக் குந்தினார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். இருமலில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

பத்து நாளில் கீழ் இலை மஞ்சளித்தது. பதினைந்தாம் நாள் அடுத்த இலை. அப்பா வந்து பார்த்தார். தொட்டியைச் சுற்றி வந்தார்.

"தண்ணி பத்தல போல," என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. முப்பது வருஷம் தோட்ட வேலை பார்த்தவர் சொல்கிற பேச்சா இது?

"நான் ஊத்தறனுங்களே," என்றேன்.

"எச்சா ஊத்தோணும் கண்ணு. வெய்ய காலம். உனக்கு மத்த தொட்டி இருக்குது. இதுக்கு நானே ஊத்திக்கறேன்."

அங்கே பிடித்தது சனியன். அந்த மனிதர் ஓடையிலிருந்து பாறைமேல் குடம் சுமந்து ஏற ஆரம்பித்தார். பத்து அடிக்கு ஒரு தரம் நின்று இளைப்பார். மூச்சு விசில் அடிக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். நான் ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினால் கொடுக்க மாட்டார். "உடு சாமி, என்ர கையால ஊத்தறேன்," என்பார். காலையில் மூன்று குடம், மாலையில் மூன்று குடம். வாழையைக் கொல்லப் போய் அப்பாவைக் கொன்றுகொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா? பகலெல்லாம் அந்த இருமல் காதிலேயே இருந்தது.

அப்படியும் எட்டு நாள் பொறுத்தேன். எடுத்துவிடலாமா என்று குனிவேன். பேளுக்குறிச்சி வீட்டு வாசற்படி கண்ணுக்குள் வரும், நிமிர்ந்துவிடுவேன். ஒன்பதாம் நாள் அப்பா பாதி வழியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீரைத் தெளித்து, நெஞ்சை நீவி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து படுக்க வைத்தேன். போதும் என்று ஆகிவிட்டது. போகிறேன். செத்தால் சாகிறேன். அப்பா பிழைத்தால் போதும்.

விடிந்ததும் தொட்டிக்கு அடியில் படுத்து அந்தத் துணியைப் பிடுங்கினேன். கறுப்புத் தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. அந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. துணியை ஓடையில் எறிந்துவிட்டு வந்தேன். இனி மண் உலர்ந்தால் இருக்கிற வேர் பிடித்துக்கொள்ளும், நடுக்குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, வைகாசிக்குள் ஒரு புது இலை வந்தாலும் வரும். அன்று முழுக்க அந்த வாழையைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அப்பா தட்டுத் தடுமாறி மூன்று குடம் ஊற்றினார். ஊற்றிவிட்டு உள்ளே போனதும் நான் குனிந்து பார்த்தேன். தொட்டிக்குக் கீழே பாறை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மண் போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது என்று நினைத்து விரலை விட்டேன்.

விரலில் கட்டை இடித்தது. வழுவழுவென்று சீவிய கட்டை. சுற்றிலும் துணி, துணியில் கீல். அல்லித் தொட்டிக்கு அடிக்கிற அதே ஆப்பு.

நான் அந்தப் பாறைமேல் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தேன் என்று தெரியாது. உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து, அவர் தடுக்கத் தடுக்க, அந்தத் தொட்டிக்கும் நானே ஊற்றினேன்.

வைகாசியில் அவர்கள் வந்தார்கள். தூக்குவதற்கு நான்கு ஆட்கள், மூங்கில் கழி, கயிறு, தாம்பாளத்தில் கூறைச் சேலை. வாழை நின்றுகொண்டுதான் இருந்தது. இலையெல்லாம் தொங்கி, நடுக்குருத்து மட்டும் நின்றது. அக்காள்காரி வாசலில் ஏறும்போதே முகம் மாறிவிட்டது. நூலை எடுத்துக்கொண்டு வந்து அடிமரத்தைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், அடியோடு ஒடிந்து, சொத்தென்று கல்தரையில் விழுந்தது. உள்ளே கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. நாற்றம் குப்பென்று வந்தது. ஆட்கள் நான்கு பேரும் பின்வாங்கினார்கள்.

"அடப் பாவிகளா! தண்ணி ஊத்தலீங்களா?" என்று கத்தினாள்.

"எச்சாவே ஊத்துனமுங்க," என்றார் அப்பா. குரலில் ஒன்றும் இல்லை.

அவள் எங்களை வாயார வைதாள். பொண்ணு ராசி அப்படி, செவ்வாய் சும்மா விடுமா என்று ஏதேதோ சொன்னாள். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. முறிந்தது என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அதையும் சொன்னாள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைக்காரர் மட்டும் போகவில்லை. விழுந்து கிடந்த வாழையின் பக்கத்தில் குந்தினார். மஞ்சள் பூசியிருந்த இடத்தைத் தொட்டார்.

"தாலி கட்டக்கூட இல்லையே," என்றார். "பேச்செடுத்ததுக்கே போயிருச்சே."

அவர் எழுந்து, முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். நல்ல கண்கள். அழுதிருந்தார்.

"உங்களுக்குன்னு வந்தது அதுக்குப் போச்சுங்க அம்மிணி. அது மட்டும் நல்லதாப் போச்சு. எங்கிருந்தாலும் நல்லாருங்க."

என் சிரிப்பு தொண்டையிலேயே செத்துவிட்டது. வாயைத் திறந்தேன். நாங்கள் கொன்றோம், நீங்கள் இல்லை, இதோ அடியில் ஆப்பு இருக்கிறது பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அப்பாவைப் பார்த்தேன். கொடுத்த வாக்கை இப்படித் திருப்பினான் என்று ஊர் தெரிந்தால் அவர் அன்றைக்கே நாண்டுகொண்டு சாவார். வாயை மூடிக்கொண்டேன். கடைக்காரர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அவர்கள் வளைவில் மறைந்ததும் அப்பா தொட்டியைச் சாய்த்துச் சுத்தியலால் ஆப்பைத் தட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் கொட்டிப் பாறையில் ஓடியது.

"எப்பப் பாத்தீங்க?" என்றேன்.

"நீ அடச்ச மக்யா நாளே பாத்துட்டேன் கண்ணு. குந்துனப்போ." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ எடுத்துட்டீன்னு தெரிஞ்சதும் பயந்துட்டேன்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தத் தொட்டியில் சேம்பு வைத்தோம். மறு வருஷம், ஜாதகமே பார்க்காத ஒருவருக்கு, காப்பி மூட்டைகளைப் பொதிமாட்டில் இறக்குகிறவருக்கு, என்னைக் கட்டிக் கொடுத்தார் அப்பா. அடுத்த ஐப்பசி மழையில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, இடுப்பில் பிள்ளையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கினேன். அதுவரை அந்தக் கடைப்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். அன்று போனேன். அப்பா இல்லை, இனி யாருடைய மானம் போகப் போகிறது, சொல்லிவிடுவது என்று துணிந்துதான் போனேன். அவர் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பிறகு அவர் யாரையும் பெண் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கடை வாசலில் ஒரு துளசித் தொட்டி. இலையெல்லாம் வாடித் தொங்கியது. பக்கத்திலேயே ஒரு சொம்பில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"ஏனுங்க, தண்ணி ஊத்தலீங்களா?" என்று கேட்டேன். தோட்டக்காரன் மகள், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நான் ஊத்துனா ஆகாதுங்க அம்மிணி," என்றார் சாதாரணமாக. "உசுருள்ள எதையும் நான் தொடறதில்லீங்க. சித்தெ நேரத்துல எங்கக்கா வந்துருவாங்க, அவங்க ஊத்துவாங்க."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் முறத்தை நிறுத்திவிட்டு, என்ன வேண்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்படி கடுகு குடுங்க," என்றேன்.